மீன் படிப்பு படிச்சா மீன் கடைதானா?

அண்ணா வணக்கம். குடியாத்தம் பக்கம் கிராமம், தறி வேலை. பொண்ணு பிளஸ் டூ, பயாலஜி குரூப். மீனு, காட்டு மிருகம் இதப்பத்திதான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்குது. என் மச்சான் 'மீன் கடை வெக்கப் போறியா'ன்னு கேட்டதுல ராத்திரி பூரா அழுதுச்சி. இதுக்கெல்லாம் படிப்பு எங்க இருக்கு, வேலை கிடைக்குமா?

அன்புத் தம்பிக்கு,

மொதல்ல பாப்பாவ அழ வேணாம்னு சொல்லுங்க. பி.எஃப்.எஸ்ஸி.ன்னு நாலு வருஷ மீன்வளப் படிப்பு இருக்கு, தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977லயே ஆரம்பிச்சது, 2012ல நாகப்பட்டினத்துல மீன்வளப் பல்கலைக்கழகமே வந்துடுச்சி, நமக்குக் கிட்டன்னா பொன்னேரி. நீட் கிடையாது. முடிச்சா மீன்வளத்துறை, பேங்க், இறால் பண்ணைன்னு வழி இருக்கு, மச்சான்கிட்ட தைரியமா சொல்லலாம்.

ஆனா ஒண்ணு, பாப்பா கேக்குறது மீன் வளர்ப்பா, இல்ல இருக்குற உயிரினத்த அழியாம காப்பாத்துற வேலையான்னு உக்காந்து பேசிடுங்க. அந்தப் படிப்புல பெரும்பங்கு வளர்ப்பு, குளத்துல எத்தன கிலோ எடுக்கலாம்ன்றது. அதுவும் வேணும், நான் குறை சொல்லல. ஆனா நம்ம ஏரிங்கள்ல இப்ப வலை போட்டா பாதி ஜிலேபி மீன் (திலாபியா)தான, அது நம்ம ஊரு மீனே இல்ல, ஆப்பிரிக்க மீன், 1952ல நம்ம நாட்டுக்குக் கொண்டாந்தாங்க, தாய் மீனு முட்டைய வாயிலயே வெச்சி அடகாக்கும், குஞ்சு சாவறது கம்மி, அதான் போட்ட எடமெல்லாம் பெருகிடுது. ஆப்பிரிக்கக் கெளுத்திய கவர்மெண்டே தடை பண்ணியும் திருட்டுத்தனமா வளக்குறாங்க, அது கரை ஒடைஞ்சி வெளிய வந்தா கூட இருக்குற சின்ன மீனையெல்லாம் தின்னுடும். இதுக்கு நடுவுல நம்ம குறவை, அயிரை, உளுவை எந்த ஏரியில மிச்சம் இருக்கு? பாலாத்துல தோல் பதனிடுற பாக்டரி கழிவு கலந்தத பத்தி சுப்ரீம் கோர்ட் 1996லயே தீர்ப்பு சொல்லிடுச்சி, ஆனா ஆத்துல இருந்த மீனுக்கு என்ன ஆச்சின்னு உக்காந்து எண்ண ஆள் வேணும். எனக்கு இதுதான் பெரிய ஆதங்கம், நம்ம ஜில்லாவுலருந்து ஒரு பொண்ணு அந்த வேலைக்கு வந்தா அத விட சந்தோஷம் இல்ல.

பாப்பாவுக்கு ஆச இந்தக் காப்பாத்துற வேலையிலதான்னா பி.எஸ்ஸி. விலங்கியல் வேலூர்லயே படிக்கட்டும், செலவும் கம்மி. அப்புறம் எம்.எஸ்ஸி. வைல்ட்லைஃப் பயாலஜி, அதாவது காட்டு உயிரினங்களப் பத்தின படிப்பு, மாயவரம் பக்கம் மன்னம்பந்தல்லயும் ஊட்டி அரசுக் கலைக் கல்லூரியிலயும் இருக்கு. டேராடூன்ல வைல்ட்லைஃப் இன்ஸ்டிட்யூட் இருக்கு, நாடு பூரா போட்டி, கஷ்டம்தான். இந்த வழியில நிலையான வேலைக்கு நாளாகும், ப்ராஜெக்ட்டுல ஒரு வருஷம் ரெண்டு வருஷம்னு ஓடணும், இத மறைக்க மாட்டேன்.

இந்தக் கோடையில உங்க ஏரி வத்தி மீன் புடிக்கும்போது பாப்பாவ நோட்டோட கூட்டிட்டுப் போங்க, வலை இழுக்குற பெரியவருகிட்ட ஒவ்வொரு மீனோட பேரும் கேட்டு எழுதட்டும், சின்ன வயசுல பாத்து இப்ப காணாமப் போனது எதுன்னும் கேக்கட்டும். எழுதுனத எனக்கு அனுப்புங்க.