அ ப்ரியோரி என்றால் ‘முன்கூட்டியே’ இல்லை

தத்துவத்தில் வரும் ‘அ ப்ரியோரி’ என்ற லத்தீன் சொல்லுக்கு அகராதியில் ‘முன்கூட்டியே’ என்று பார்த்துவிட்டு, ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்பதைப் பள்ளிக்கூடத்தில்தானே கற்றோம், அது எப்படி அனுபவத்துக்கு முந்தைய அறிவாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். சரியான இடத்தில்தான் தடுக்கியிருக்கிறீர்கள்.

லத்தீனில் நேர்ப்பொருள் ‘முந்தையதிலிருந்து’. ‘அ போஸ்டீரியோரி’ என்பது ‘பிந்தையதிலிருந்து’. 14ஆம் நூற்றாண்டில் சாக்சனியின் ஆல்பர்ட் என்ற தத்துவவாதி இவற்றைக் காரண காரியத்துக்குத்தான் பயன்படுத்தினார்: நெருப்பு இருப்பதால் புகை வரும் என்று காட்டினால் முதல் வகை, புகையைப் பார்த்து நெருப்பு உண்டு என்று சொன்னால் இரண்டாவது. காலத்தால் முந்துவது இங்கே பேச்சே இல்லை.

இன்றைய பொருளை நிலைநாட்டியவர் ஜெர்மன் தத்துவவாதி காண்ட், 1781இல் வெளிவந்த ‘தூய பகுத்தறிவின் விமர்சனம்’ என்ற நூலில். நீங்கள் எப்போது கற்றீர்கள் என்பதல்ல அவர் கேள்வி, எதை ஆதாரமாக வைத்து அது உண்மை என்கிறீர்கள் என்பதே. விரல்விட்டு எண்ணிக் கற்றிருக்கலாம். ஆனால் ஏழு சொட்டுத் தண்ணீரோடு ஐந்து சொட்டை விட்டு, எல்லாம் ஒன்றாகக் கலந்துபோனால் கணக்கு தப்பு என்று யாராவது சொல்வார்களா?

அப்புறம், அந்த நூலின் 1787 இரண்டாம் பதிப்பு அறிமுகத்தில் ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது. தன் வீட்டு அஸ்திவாரத்தைத் தோண்டுகிறவனுக்கு வீடு இடியும் என்று இடியும் முன்பே தெரிந்திருக்கலாம், ஆனால் அது முழு அ ப்ரியோரி ஆகாது, ஏனென்றால் பொருளுக்கு எடை உண்டு, தாங்கல் போனால் விழும் என்பதை அவன் அனுபவத்தில்தான் கற்றிருக்கிறான். ‘முன்கூட்டியே’ என்பதை அடித்துவிட்டு ‘அனுபவத்தை ஆதாரமாகக் கொள்ளாத’ என்று எழுதிக்கொண்டு அந்தப் பக்கங்களை மறுபடி படித்துப் பாருங்கள்.