வேத வினாடி வினா: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: வாலிபர் போட்டியில் "வேதாகமத்தில் மிகச் சிறிய வசனம் எது?" என்று கேட்டோம். யோவான் 11:35 என்று விடை வைத்திருந்தோம். ஒரு அணியினர் 1 தெசலோனிக்கேயர் 5:16தான் என்று சொல்லி மேடையிலேயே தகராறு செய்துவிட்டார்கள். யார் சொன்னது சரி?
– வாலிபர் சங்கச் செயலாளர், நாசரேத்

பதில்: இரண்டு அணிக்கும் மதிப்பெண் கொடுத்துவிட்டு அந்தக் கேள்வியைக் கிழித்துப் போடுங்கள். அது ஆங்கில வேதாகமத்திலிருந்து வந்த கேள்வி. ஆங்கிலத்தில் யோவான் 11:35 இரண்டே வார்த்தை. தமிழில் "இயேசு கண்ணீர் விட்டார்" மூன்று வார்த்தை. 1 தெசலோனிக்கேயர் 5:16, "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" இரண்டு வார்த்தை. ஆக, வார்த்தைக் கணக்கில் அந்த அணி சொன்னது சிறியது. எழுத்தை எண்ணினால் கதை மாறும்: முதலாவது 11, இரண்டாவது 16. மூலமொழியான கிரேக்கத்தில் எண்ணினாலோ தெசலோனிக்கேயர் வசனத்துக்கு 14 எழுத்து, யோவானுக்கு 16!

வம்பு இதோடு தீரவில்லை. யாத்திராகமம் 20:13, "கொலை செய்யாதிருப்பாயாக" – இரண்டே வார்த்தை, அதுவும் 11 எழுத்து. 1 நாளாகமம் 1:1ஐத் திறந்தால் "ஆதாம், சேத், ஏனோஸ்" என்று எட்டே எழுத்தில் முடிந்துவிடுகிறது. "மிகச் சிறிய" என்று கேட்கத்தான் வேண்டுமென்றால் அதிகாரத்தைக் கேளுங்கள். சங்கீதம் 117க்கு 2 வசனம், சங்கீதம் 119க்கு 176 வசனம். இதில் யாரும் வாதாட முடியாது.

கேள்வி: ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ரூத் புத்தகத்தைப் பகுதியாகக் கொடுத்திருக்கிறோம். எத்தனை கேள்வி எடுக்கலாம்? எப்படி எடுத்தால் மனப்பாடம் செய்யாத பிள்ளையும் பதில் சொல்லும்?
– ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை, மார்த்தாண்டம்

பதில்: நல்ல தேர்வு. 4 அதிகாரம், 85 வசனம். இரண்டு, மூன்று வசனத்துக்கு ஒரு கேள்வி என்று வைத்தால் 30 முதல் 40 வரை தேறும். அதற்கு மேல் பிழிந்தால் "முதல் வசனத்தின் மூன்றாவது வார்த்தை என்ன?" என்கிற ரகத்தில்தான் போய் நிற்கும். அதெல்லாம் வேத அறிவு ஆகாது.

மூன்றில் ஒரு பங்கை நேரடிக் கேள்வியாக வையுங்கள்: நகோமியின் புருஷன் பெயர் என்ன, எந்த ஊரைவிட்டுப் போனார்கள். இன்னொரு பங்கு "யார், யாரிடம் சொன்னது?" மீதி, இரண்டு இடத்தைச் சேர்த்துப் பார்த்தால் மட்டும் கிடைக்கிற விடை. உதாரணத்துக்கு, "ரூத்தின் முதல் புருஷன் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். 1ஆம் அதிகாரத்தில் மக்லோன், கிலியோன் என்ற இரு பிள்ளைகளும் ஒர்பாள், ரூத் என்ற இரு மருமக்களும் வருகிறார்கள். யாருக்கு யார் என்று அங்கே இல்லை. விடை 4:10இல், ரூத்தைப் பிறகு மணக்கிற போவாஸ் வாயிலிருந்து வருகிறது: மக்லோன். கதையைக் கடைசி வரை வாசித்த பிள்ளைக்குத்தான் இது தெரியும்.

அளவுகளை விட்டுவிடாதீர்கள். வயலில் பொறுக்கியது ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமை (2:17), போவாஸ் அளந்து கொடுத்தது ஆறுபடி (3:15). இரண்டையும் பிள்ளைகள் மாற்றிச் சொல்வார்கள். அதனால் "பொறுக்கியது எவ்வளவு?" என்று தெளிவாகக் கேளுங்கள், வெறுமனே "எவ்வளவு வாற்கோதுமை?" என்று கேட்காதீர்கள்.

நான்கு விடை கொடுத்துத் தெரிவு செய்யச் சொல்லும் கேள்வியில், நான்கும் அதே புத்தகத்தில் வருகிற பெயராக இருக்கட்டும். போவாஸ், ஓபேத், எலிமெலேக்குக்கு நடுவே நேபுகாத்நேச்சாரைக் கொண்டுவந்து வைத்தால் வாசிக்காத பிள்ளைகூட அவரைத் தள்ளிவிடும்.

தயாரித்த கேள்விகளை, அந்தப் பகுதியை வாசித்த, ஆனால் உங்கள் குழுவில் இல்லாத ஒருவரிடம் விடைத்தாள் இல்லாமல் கொடுங்கள். அவர் வேறு விடை சொல்கிற கேள்வியெல்லாம் பழுதுள்ள கேள்வி. "யோனா எங்கே கப்பல் ஏறினான்?" என்பதில் இதைப் பார்க்கலாம். ஒருவர் யோப்பா என்பார், இன்னொருவர் தர்ஷீஸ் என்பார். இரண்டுக்கும் இடம் கொடுப்பது அந்த "எங்கே". "எந்த ஊருக்குப் போகிற கப்பலில் ஏறினான்?" என்று மாற்றினால் போதும்.

கேள்வி: சபை மாதமலருக்கு வேதாகமக் குறுக்கெழுத்துப் போடுகிறேன். பாதியில் மாட்டிக்கொள்கிறேன், பெயர்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ள மாட்டேன் என்கின்றன. என்ன தவறு?
– மலர் ஆசிரியர், தரங்கம்பாடி

பதில்: உங்கள் ஊரில்தான் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. 

தமிழில் உயிர்மெய் எழுத்து ஒரு கட்டம், மெய்யெழுத்து தனிக் கட்டம். ஆபிரகாம்: ஆ, பி, ர, கா, ம் – ஐந்து கட்டம். சிக்கல் எப்போதும் மெய்யில்தான். "ம்" கட்டத்திலிருந்து கீழே எந்தச் சொல்லையும் தொடங்க முடியாது. மேலிருந்து வந்து அங்கே முடிகிற சொல்தான் வேண்டும். எருசலேம் (எ, ரு, ச, லே, ம்) அதற்கு அச்சாகப் பொருந்தும். ஆகவே ஆபிரகாமுக்கு மேலே நான்கு வரிசை காலியாக விட்டுத் தொடங்குங்கள்.

"பி"யிலிருந்து கீழே பிலாத்து, "கா"விலிருந்து கீழே காலேப். நடுவில் "ர"வுக்குக் கீழே கறுப்புக் கட்டம் வைத்துவிடுங்கள், இல்லையென்றால் மூன்று சொல் ஒட்டி நின்று பக்கவாட்டில் அர்த்தமில்லாத எழுத்துகள் சேரும். பிலாத்துவின் கடைசி "து"விலிருந்து குறுக்கே துதி. இப்படி ஒரு மூலை உருவாகிவிட்டால் அடுத்தது தானாக வரும்.

ர, ரா, ரே எல்லாம் வெவ்வேறு எழுத்து என்பதை மறந்தால் நடுவில் நின்றுவிடுவீர்கள். பெயர்களை முதலெழுத்து வாரியாக எழுதிவைத்துக்கொள்வதைவிட, நடுவில் வரும் எழுத்து வாரியாக எழுதிவைப்பது அதிகம் உதவும். ஸ்தேவான் போன்ற பெயர்கள் விதிவிலக்கு. மெய்யில் தொடங்குகிற பெயர் என்பதால், "ஸ்"ஸில் முடிகிற பரபாஸின் கடைசிக் கட்டத்திலிருந்து கீழே அவரைப் பொருத்தலாம்.

கேள்வி: கத்தோலிக்கப் பிள்ளைகளும் கலந்துகொள்ளும் பொதுப்போட்டி நடத்துகிறோம். கவனிக்க வேண்டியது என்ன?
– பள்ளி ஆசிரியர், அம்பாசமுத்திரம்

பதில்: அறிவிப்பிலேயே எந்த மொழிபெயர்ப்பு என்று எழுதுங்கள், அல்லது இரண்டு பெயரையும் ஏற்போம் என்று எழுதுங்கள். நீங்கள் ஆதியாகமம், யாத்திராகமம், உபாகமம் என்பீர்கள். 1995இல் வந்த, கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் அவை தொடக்கநூல், விடுதலைப் பயணம், இணைச்சட்டம். உங்கள் யோவான்ஸ்நானன் அங்கே திருமுழுக்கு யோவான். "மொத்தம் எத்தனை புத்தகம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். உங்கள் பிள்ளை 66 என்பான், கத்தோலிக்கப் பிள்ளை 73 என்பான், அவரவர் வேதாகமத்தின்படி இருவரும் சரி. நான்கு நற்செய்தி நூல்கள் இருவருக்கும் பொது; பெயர் வேறுபாட்டை மட்டும் கவனித்துக்கொண்டால் அவற்றில் தொல்லை குறைவு.

கேள்வி: ஒவ்வொரு வருஷமும் அதே கேள்விகள். பெரியவர்களையும் யோசிக்க வைக்க ஒரு சுற்று சொல்லுங்களேன்.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: "வசனத்தில் உண்டா, இல்லையா?" சுற்று. குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த சாஸ்திரிகள் மூன்று பேரா? காணிக்கைதான் மூன்று (மத்தேயு 2:11); ஆட்கணக்கு இல்லை. தமஸ்கு வழியில் சவுல் குதிரையிலிருந்தா விழுந்தான்? அப்போஸ்தலர் 9இல் குதிரையே கிடையாது. சிம்சோனின் ஜடையைச் சிரைத்தது தெலீலாளா? அவள் ஒருவனை அழைத்துச் சிரைப்பித்தாள் (நியாயாதிபதிகள் 16:19). நோவா எல்லா மிருகத்திலும் ஒரு ஜோடியா? சுத்தமானவற்றில் எவ்வேழு ஜோடு (ஆதியாகமம் 7:2). யாக்கோபின் குடும்பம் எகிப்துக்குப் போனபோது 70 பேர் என்று ஆதியாகமம் 46:27, 75 பேர் என்று அப்போஸ்தலர் 7:14. அங்கே பேசுகிற ஸ்தேவான் சொன்ன கணக்கு, பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் உள்ளது. இந்தக் கடைசியைப் போட்டியில் வைக்காமல், போட்டி முடிந்து தேநீர் குடிக்கும்போது கேளுங்கள்.