அந்த நாலு வரி பத்தி

அன்புள்ள அண்ணா,

நான் திண்டுக்கல், வயசு 33. நேபாளத்து மேரா பீக் மலைக்கு நீங்க போன பயணப் பதிவுகளை ஒரே மூச்சுல படிச்சேன். லுக்லா ஃப்ளைட்டுக்கு ஒரு முழு பதிவு, லாட்ஜ்ல சாப்பிட்ட தால் பாத்துக்கு அரை பதிவு, ஆனா உச்சியில நின்னதை மட்டும் நாலே வரியில முடிச்சுட்டீங்க. ஏமாத்தமா இருந்துச்சு. அடுத்த அக்டோபர்ல நானும் ஒரு கம்பெனி மூலமா மேரா போகலாம்னு மூணு வருஷமா காசு சேர்த்துட்டு இருக்கேன். அப்பாகிட்ட சொன்னா "இன்னொருத்தன் கயிறு கட்டி ஏத்தி விடறதுக்கு இவன் காசு வேற குடுப்பானாம், இதுக்கு பழனி படி ஏறுனா சாமி கும்பிட்ட புண்ணியமாவது கிடைக்கும்"ங்கறார். கோவம் வந்துச்சு, ஆனா எவரெஸ்ட் உச்சிக்கு ஏற வரிசை கட்டி நிக்கறாங்களே, அந்த 2019 கியூ போட்டோவை பார்த்தா அவர் சொல்றதும் சரியோன்னு இருக்கு. கைடு வச்சு ஏறுறது ஒரு மாதிரி ஏமாத்து வேலையா? மேல நிக்கறப்ப நிஜமா எப்படி இருக்கும்?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

என்கிட்ட இருந்ததே அந்த நாலு வரிதாங்க, ஒளிச்சு வச்சதுன்னு எதுவும் இல்ல.

2019 அக்டோபர், காலைல ஏழு மணி இருக்கும், நான் மேல நின்னது மொத்தமா ஒரு பத்து பன்னெண்டு நிமிஷம். கூலிங் கிளாஸ் உள்பக்கம் மூச்சுக்காத்து உறைஞ்சு பாதி கண்ணு தெரியல, போன் அறுபது பர்சன்ட் சார்ஜ் காட்டிட்டே குளிர்ல அணைஞ்சு போச்சு. எவரெஸ்ட், லோட்சே, மகாலு, சோ ஓயு, தூரத்துல கஞ்சன்ஜங்கான்னு எட்டாயிரம் மீட்டருக்கு மேல இருக்கற அஞ்சு மலை அங்கருந்து தெரியும், மேராவுக்கு அவ்வளவு பேர் போறதே அதுக்குத்தான், கைடு விரலை நீட்டி ஒவ்வொண்ணா சொல்லிட்டே வந்தார், நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையை ஆட்டினேன், இன்னிக்கு கேட்டீங்கன்னா எது எங்க இருந்துச்சுன்னு அவர் எடுத்த போட்டோவை பார்த்துத்தான் சொல்லணும். அப்ப மனசுல ஓடினது ரெண்டே ரெண்டு விஷயம். எப்ப கீழ இறங்குவோம், ஒண்ணுக்கு முட்டுதே இந்த ஹார்னெஸ்ஸை எப்படி கழட்டறது. அவ்வளவுதான். திருப்பதியில ஜருகண்டி ஜருகண்டின்னு தள்ளி விடறப்ப சாமி முகம் எவ்வளவு ஞாபகம் இருக்குமோ அவ்வளவு.

இதுல இன்னொரு கூத்து இருக்கு. மேராவோட உயரம்னு எல்லா இடத்துலயும் போட்டிருக்கறது 6,476 மீட்டர். அது வடக்கு உச்சி. பெரும்பாலான குரூப்பை கூட்டிட்டு போறது நடு உச்சிக்கு, அது 6,461. ஆக நான் கண்ணீர் விட்டு (குளிர்ல வந்த கண்ணீர்தான்) நின்ன இடம் மலையோட உச்சியே கிடையாது, பதினஞ்சு மீட்டர் கம்மி. வீட்டு ஹால்ல மாட்டின போட்டோவுக்கு கீழ ரெண்டு வருஷம் 6,476ன்னுதான் எழுதி வச்சிருந்தேன், யாரும் கேக்கல.

அந்த உயரத்துல காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல பாதிக்கும் கீழ. எவரெஸ்ட் உச்சியில மூணுல ஒரு பங்குதான். மூளைக்கு போற ஆக்ஸிஜனும் குறையும், அதனால உச்சியில நிக்கறப்ப பெரிய தரிசனம் கிடைச்சதுன்னு யாராவது எழுதினா, அது கீழ வந்து ரெண்டு பிளேட் மோமோ சாப்பிட்டப்புறம் கிடைச்ச தரிசனம்னு நான் எடுத்துக்குவேன்.

ஆனா 2017ல நான் திரும்பி வந்த இடத்தை கேளுங்க, நாப்பது பக்கம் எழுதுவேன். அதை நான் பதிவா போடவே இல்ல, வெக்கமா இருந்துச்சு. இப்ப நீங்க கேட்டதால சொல்றேன்.

மேராவுக்கு நான் போனது ரெண்டு தடவை. முதல் தடவை நாங்க மூணு பேர், கைடு ரெண்டு பேர். எங்க பெரிய கைடு ராய் சமூகத்து ஆளு (இங்க நாம எல்லாரையும் ஷெர்பான்னு சொல்லிடறோம், அது ஒரு சமூகத்தோட பேர், மலையில வேலை பார்க்கறதுல ராய், தமங், குருங்னு நிறைய பேர் இருக்காங்க). நேபாளியில அண்ணனை 'தாய்'னு கூப்பிடுவாங்க, மீசை வச்ச ஒரு ஆளை தாய் தாய்னு கூப்பிட்டுட்டே பின்னாடி நடக்கறது முதல் ரெண்டு நாள் எனக்கு ஒரே சிரிப்பு. கோத்தே, தங்னாக் எல்லாம் தாண்டி காரே வந்துட்டோம், அது கிட்டத்தட்ட 5,000 மீட்டர், அங்க ஒரு நாள் இருந்து பூட்ஸ்க்கு அடியில கிராம்பான்ங்கற இரும்பு முள்ளு மாட்டி நடக்கறது, கயித்தை கவ்வி பிடிக்கற ஜுமார் போட்டு ஏறுறதெல்லாம் பழகிட்டு, மறுநாள் 5,800 கிட்ட இருக்கற ஹை கேம்ப். அங்கருந்து ராத்திரி ரெண்டு மணிக்கு கிளம்பினோம். பனிக்கு அடியில வெடிப்பு இருக்கும்ங்கறதால எல்லாரையும் ஒரே கயித்துல கோத்துதான் கூட்டிட்டு போவாங்க, நான் தாய் கயித்துல, மத்த ரெண்டு பேரும் இன்னொரு கைடு கயித்துல.

விடியறப்ப 6,200 இருக்கும். மகாலு பக்கம் வானம் வெளுக்க ஆரம்பிச்சுது. நான் நல்லா இருக்கேன்னுதான் நினைச்சுட்டு இருந்தேன். கால் விரல் வலிச்சுட்டே இருந்தது நின்னுடுச்சு, அப்பாடா சரியாயிடுச்சுன்னு சந்தோஷம் வேற. கொஞ்ச நேரமாவே நான் வலது காலை ஒரு மாதிரி மரக்கட்டையாட்டம் வைக்கறதை தாய் பார்த்துட்டே வந்திருக்கார். உக்காரச் சொன்னார். பூட்ஸை கழட்டி சாக்ஸை உருவினார், விரல் நாலும் மெழுகு மாதிரி வெள்ளையா இருந்துச்சு. அவர் ஒண்ணும் பேசல, ஜாக்கெட் ஜிப்பை இறக்கி, உள்ள போட்டிருந்ததை தூக்கி, என் காலை அப்படியே அவர் வெறும் வயித்துல வச்சு மூடிக்கிட்டார். வெளிய மைனஸ் இருபது இருக்கும். பனி மாதிரி இருந்த என் காலு அவர் வயித்துல, அவர் மூஞ்சியை சுளிக்கக்கூட இல்ல, மகாலுவை பார்த்துட்டு உக்காந்திருந்தார். தாய்ங்கற வார்த்தைக்கு அதுக்கப்புறம் நான் சிரிச்சதில்ல.

விரல்ல வலி திரும்ப வந்ததும் (உயிர் போற வலி, கத்தினேன்) பூட்ஸை மாட்டி விட்டு, "டவுன்"னார்.

நான் சண்டை போட்டேன். இன்னும் இருநூத்தம்பது மீட்டர்தானே, வலிதான் வந்துடுச்சே, லீவு போட்டு வந்திருக்கேன், அடுத்து எப்ப வருவேன், எல்லாம் சொன்னேன். கடைசியா என்ன பண்ணேன் தெரியுமா, எக்ஸ்ட்ரா முன்னூறு டாலர் தரேன்னு சொன்னேன். பதிவு போடாததுக்கு காரணம் இதுதான். தன் வயித்துல என் காலை வச்சு விரலை காப்பாத்தின மனுஷன்கிட்ட பத்து நிமிஷத்துல பேரம் பேசியிருக்கேன். அவர் பதிலே சொல்லல, கயித்தை கையில ரெண்டு சுத்து சுத்தி சின்னதாக்கினார், கீழ பார்த்து நடக்க ஆரம்பிச்சார். அதே கயித்துலதான் நானும் இருக்கேன், வேற வழி? மத்தவங்க ரெண்டு பேரும் மேல போய்ட்டு வந்து காரேல போட்டோ காட்டினப்ப நான் தலைவலின்னு சொல்லி போர்வையை இழுத்து மூடிட்டேன்.

உங்க அப்பா கேட்டதுக்கு இதுலருந்துதான் பதில் சொல்ல முடியும். காசு குடுத்துத்தான் ஏறினேன், ஆமா. கயிறு அவங்க போட்டது, டென்ட் அவங்க தூக்கினது, சோறு அவங்க ஆக்கினது. இதெல்லாம் இல்லாம வீரமா ஏறின காலம்னு ஒண்ணு இருந்த மாதிரி பேசறாங்க, 1953ல ஹிலாரியும் டென்சிங்கும் முதல்முதலா எவரெஸ்ட் ஏறின எக்ஸ்பெடிஷனுக்கே போர்ட்டர் மட்டும் முந்நூத்தம்பது பேருக்கு மேல. நானா நடந்தது என் காலுதான், அதுக்கு உண்டான பெருமை எனக்கு இருக்கு, அதுக்கு மேல கிடையாது. ஆனா குடுத்த காசுல பெரும்பங்கு எதுக்குன்னு கேட்டா, என் மூளை வேலை செய்யாத இடத்துல எனக்கு பதிலா ஒருத்தர் யோசிச்சு "போதும் இறங்கு"ன்னு சொல்றதுக்குன்னு சொல்வேன்.

சிக்கலும் அதே இடத்துலதான். உன்கிட்ட காசு வாங்கினவன் உன்னை பார்த்து 'முடியாது'ன்னு சொல்லணும்.

1985ல டிக் பாஸ்னு ஒரு டெக்சாஸ் பணக்காரர், 55 வயசு, தேர்ந்த மலையேறி ஒருத்தர் துணையோட எவரெஸ்ட் ஏறினார், அதுக்கப்புறம்தான் காசும் தெம்பும் இருந்தா போலாம்ங்கற எண்ணமே பரவுச்சு. பத்து வருஷத்துல கம்பெனிங்க வந்தாச்சு. அதுல நல்ல பேர் வாங்கினவர் நியூசிலாந்துக்காரர் ராப் ஹால், கவனமான ஆளு. 1995ல அவர் ஒரு கஸ்டமரை தெற்கு உச்சிகிட்ட, அதாவது மெயின் உச்சிக்கு நூறு மீட்டர் கீழ, லேட்டாயிடுச்சுன்னு திருப்பி கூட்டிட்டு வந்துட்டார். அந்த ஆளு ஒரு போஸ்ட் ஆபீஸ் ஊழியர், எக்ஸ்ட்ரா வேலை பார்த்து காசு சேர்த்து வந்தவர். மறுவருஷம் ஹாலே அவரை கூப்பிட்டு, ஃபீஸையும் குறைச்சு திரும்ப கூட்டிட்டு வந்தார். 1996 மே 10. மதியம் ரெண்டு மணிக்கு மேல எங்க இருந்தாலும் திரும்பணும்ங்கறது கணக்கு. அந்த போஸ்ட்மேன் உச்சிக்கு வந்தப்ப மணி நாலு தாண்டிடுச்சு, ஹால் மேலயே அவருக்காக காத்துட்டு இருந்தார். புயல் வந்துச்சு. ரெண்டு பேருமே திரும்பல, அந்த புயல்ல மொத்தம் எட்டு பேர் போனாங்க. ஒரு தடவை 'இறங்கு'ன்னு சொன்னவருக்கு அதே ஆளுகிட்ட ரெண்டாவது தடவை சொல்ல வாய் வரலைன்னுதான் நான் புரிஞ்சுக்கறேன். அவரை குத்தம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை, முன்னூறு டாலர் நீட்டின கை இது.

2019ல நான் திரும்ப போனப்ப வேற கைடு அமைஞ்சார், அதுவும் ஒரு வகையில நல்லதுக்குத்தான்னு இப்ப தோணுது.

1953லயே ஹிலாரிக்கு மூணு நாள் முன்னாடி, மே 26ந்தேதி, போர்டில்லன், இவான்ஸ்னு ரெண்டு பேர் அதே தெற்கு உச்சி வரைக்கும் போய்ட்டு திரும்பினாங்க. மனுஷன் அதுவரைக்கும் ஏறாத உயரம். ஆக்ஸிஜன் செட் மக்கர், நேரமும் போயிடுச்சு, இன்னும் போனா திரும்ப முடியாதுன்னு இறங்கிட்டாங்க. உலகத்துலயே முதல் ஆளா ஆகறதுக்கு நூறு மீட்டர்தான் பாக்கி. எனக்கு ஹிலாரியை விட இவங்க ரெண்டு பேரும் அன்னிக்கு ராத்திரி டென்ட்ல என்ன பேசிக்கிட்டாங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் ஆசை.

அந்த கியூ போட்டோ, 2019 மே 22, நிர்மல் புர்ஜாங்கற நேபாளத்து மலையேறி எடுத்தது. அதை பார்த்து நானும் சிரிச்சேன், அப்புறம் அந்த வரிசையில யார் கஸ்டமர் யார் வேலைக்கு வந்தவங்கன்னு எண்ணி பார்க்க ட்ரை பண்ணேன், முடியல, எல்லாரும் ஒரே மாதிரி கலர் கலரா இறகு அடைச்ச குளிர் சூட். எவரெஸ்ட்ல பெர்மிட் மட்டும் 11,000 டாலர் இருந்தது 2025 செப்டம்பர்லருந்து 15,000 ஆயிடுச்சு, அதனால கூட்டம் குறையும்னு எனக்கு நம்பிக்கை இல்ல. எவரெஸ்ட் ஏறுற வழியில இருக்கற கும்பு பனியருவியில கஸ்டமர் நாலஞ்சு தடவை போய் வருவார், சாமான் தூக்கறவங்க அதை விட எத்தனையோ தடவை. 2014 ஏப்ரல் 18 அங்க பனி சரிஞ்சு 16 பேர் செத்தாங்க, அத்தனை பேரும் நேபாளத்து வேலைக்காரங்க, ஒரு கஸ்டமர் கூட இல்ல. ஏமாத்தான்னு கேட்டீங்கல்ல, வந்து "நான் தனியா ஜெயிச்சேன்"னு பேனர் அடிச்சா ஏமாத்து. இல்லன்னா இல்ல.

போங்க. கம்பெனிக்காரங்ககிட்ட சக்ஸஸ் ரேட் கேக்காதீங்க, போன சீசன்ல எத்தனை பேரை பாதியில திருப்பி அனுப்புனீங்க, எதுக்கு அனுப்புனீங்கன்னு கேளுங்க, டக்குனு ரெண்டு கதை சொன்னா நல்ல கம்பெனி. "எங்க கஸ்டமர் எல்லாருமே சம்மிட் பண்ணிடுவாங்க சார்"னா போனை வச்சிடுங்க. கைடுக்கு டிப்ஸ் எவ்வளவுன்னு ஊர்லயே முடிவு பண்ணி தனி கவர்ல போட்டு வச்சிடுங்க, உச்சிக்கு போனாலும் போகலைன்னாலும் அதே தொகை. இன்சூரன்ஸ் எத்தனை மீட்டர் வரைக்கும் செல்லும்னு பாலிசியில பாருங்க, நிறைய பாலிசி மேரா உயரத்துக்கு வராது.

அப்புறம் பூட்ஸ். 2017ல என் விரல் வெளுத்ததுக்கு காரணம் குளிர் பாதி, மீதி வாடகை பூட்ஸ், ஒரு சைஸ் சின்னது, அதுல ரெண்டு சாக்ஸ் போட்டு திணிச்சிருந்தேன், ரத்தம் எப்படி ஓடும். காத்மாண்டு தமேல்ல சாயங்காலமா போய், போட்டுக்கப்போற அதே சாக்ஸோட மாட்டி, கடைக்குள்ளயே கால் மணி நேரம் நடந்து பாருங்க, கடைக்காரர் முறைச்சா முறைக்கட்டும், விரல் உள்ள பியானோ வாசிக்கற மாதிரி ஆடணும்.

அன்புடன்