வெள்ளைத் தாளுக்கும் கைது

கேள்வி: உக்ரைன் போர் வருஷக்கணக்கில் இழுக்கிறதே, ரஷ்ய மக்களுக்கு அலுப்பே வரவில்லையா? தெருவில் இறங்கிக் கேட்க மாட்டார்களா?

பதில்: இறங்கினார்களே! 2022 பிப்ரவரி 24 அன்று படை உள்ளே போனதுமே பல ஊர்களில் கூட்டம் கூடியது, ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள். மார்ச் 4-ல் சட்டமே வந்துவிட்டது. ராணுவத்தைப் பற்றி 'பொய்த் தகவல்' பரப்பினால் 15 வருஷம் வரை உள்ளே. எது பொய் என்று தீர்மானிப்பது யார்? அரசுதான்! எதுவுமே எழுதாத வெள்ளைத் தாளைப் பிடித்து நின்றவர்களைக்கூட விடவில்லை. மாஸ்கோவில் வார்டு கவுன்சிலராக இருந்த அலெக்ஸி கோரினோவ், உக்ரைனில் குழந்தைகள் சாகும்போது இங்கே குழந்தைகளுக்கு ஓவியப் போட்டியா என்கிற பொருளில் மன்றக் கூட்டத்தில் பேசினார், அவ்வளவுதான், 7 வருஷம்.

செப்டம்பரில் 3 லட்சம் பேரைப் படைக்கு அழைத்தபோது மறுபடி கூச்சல். அப்புறம் அப்படிப் போனவர்களின் மனைவிமாரே, எங்கள் ஆளைத் திருப்பி அனுப்புங்கள் என்று வெள்ளை முக்காடு போட்டு கிரெம்ளின் பக்கத்தில் பூ வைத்தார்கள். சரி, தேர்தலில் காட்டலாமே என்பீர்கள். 2024 ஜனவரியில், போரை நிறுத்தச் சொன்ன போரிஸ் நதேஷ்தின் அதிபர் தேர்தலில் நிற்பதற்காகக் கையெழுத்துப் போட உறைபனியில் வரிசை கட்டி நின்றார்கள். கையெழுத்துகளில் பிழை என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். வாக்குச்சீட்டில் அவர் பேரே இல்லை.