காயத்துக்கு விலை வைக்கலாமா?

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தே மோதி வீழ்த்தும் ஆட்டம்தான். விதிப்படி மோதி எதிராளிக்கு அடிபட்டால், சக வீரர்கள் சேர்ந்து கொஞ்சம் பணம் கொடுப்பதில் என்ன தவறு? நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியை ஏன் அவ்வளவு கடுமையாகத் தண்டித்தார்கள்?

பதில்: பணம் எதற்குக் கைமாறியது என்று பாருங்கள். 2009 முதல் 2011 வரை மூன்று சீசன்களிலும் செயின்ட்ஸ் அணியில் ஒரு விலைப்பட்டியல் இருந்ததாக அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். 2012 மார்ச்சில் அறிவித்தது. எதிராளியை மைதானத்திலிருந்து தூக்கிக்கொண்டு போக நேர்ந்தால் 1,000 டாலர். அந்த ஆட்டத்துக்கே அவர் திரும்ப முடியாவிட்டால் 1,500. சீசன் முடிவில் நடக்கும் பிளேஆஃப் எனும் வெளியேற்றுச் சுற்றில் இரண்டு, மூன்று மடங்கு. பெரும்பாலும் வீரர்களே போட்ட பணம். நடத்தியவர் அணியின் தடுப்பாட்டப் பயிற்சியாளர் கிரெக் வில்லியம்ஸ்.

இப்போது ஒரே மாதிரியான இரண்டு மோதல்களை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் விதிப்படி சரி. முதலாவதில் எதிராளி எழுந்து நடக்கிறார், காசு கிடையாது. இரண்டாவதில் அவரால் எழ முடியவில்லை, காசு உண்டு. மோதியவர் செய்தது ஒன்றேதான். கூலி கிடைத்தது காயத்துக்கு. ‘விதிப்படிதான் மோதினோம்’ என்ற வாதம் இங்கேதான் நிற்காமல் போகிறது. களமிறங்குபவர் அடிபடலாம் என்று தெரிந்தே வருகிறார். தன் முழங்காலுக்கு எதிரணி விலை வைப்பதற்கு அவர் ஒருபோதும் சம்மதிக்கவில்லை. ஒரு தசைநார் அறுந்தால் சீசனே போகும். சம்பளம் முழுதும் உறுதியாகாத ஒப்பந்தம் என்றால் பிழைப்பே போகலாம்.

லட்சக்கணக்கான டாலர் சம்பளக்காரருக்கு 1,000 டாலர் ஒரு பொருட்டா என்பார்கள். தொகை சிறியதுதான். ஆனால் குறி எங்கே என்பதை அது மாற்றிவிடுகிறது. 2012 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ அணியுடனான ஆட்டத்துக்கு முன் வில்லியம்ஸ் பேசியது ஒலிப்பதிவாக வெளிவந்தது: எதிரணி வீரர்களான ஃபிராங்க் கோரின் தலை, மைக்கேல் கிராப்ட்ரீயின் முழங்கால் தசைநார் என்று உடலுறுப்புகளையே குறிப்பிட்டுச் சொன்னார். பந்தைப் பறிக்கச் சொல்லும் பயிற்சி இப்படி இருக்காது.

தலைமைப் பயிற்சியாளர் ஷான் பேட்டனுக்கு 2012 சீசன் முழுவதும் தடை. அணிக்கு 5 லட்சம் டாலர் அபராதம், புது வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகளும் பறிபோயின. அது தகும் என்றே சொல்வேன்.

கேள்வி: வீரர்கள் மட்டும் எப்படித் தப்பினார்கள்?

பதில்: நான்கு வீரர்களுக்கு விதித்த தடையை, மேல்முறையீட்டை விசாரித்த என்.எஃப்.எல்.லின் முன்னாள் ஆணையர் பால் டாக்லியாபு 2012 டிசம்பரில் நீக்கினார். நடந்ததே இல்லை என்று அவர் சொல்லவில்லை. பயிற்சியாளர்களும் நிர்வாகமும்தான் முதல் பொறுப்பு என்றார். பணத்தைப் பெற்ற கையைவிட, பட்டியல் போட்டவர் குற்றம் பெரிதுதான்.

கேள்வி: அப்படியானால் பந்தைப் பறித்ததற்குப் பரிசு தரலாமா?

பதில்: என்.எஃப்.எல்.லில் அதுவும் கூடாது. ஒப்பந்தத்தில் எழுதாத எந்தப் பரிசுப் பணமும் அணிகளின் சம்பள உச்சவரம்பை மீறும் வழியாகிவிடும் என்பதால் தடை.