பலூனுக்குள் அடங்காத தமிழ்

அன்புள்ள ஐயா,

காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியின் தீவிர ரசிகன் நான். அவர் சென்னைக்கு வந்தால் எப்படியிருக்கும் என்று 16 பக்கத்தில் ஒரு ரசிகர் காமிக்ஸ் வரைந்துகொண்டிருக்கிறேன். ஏ4 தாளில் ஆறு பக்கம் முடிந்தது. படம் சுமாராக வந்திருக்கிறது. வசனம்தான் பலூனுக்குள், அதாவது பேச்சுக் குமிழிக்குள், அடங்க மறுக்கிறது. எழுத்தைக் குறைத்தால் படிக்க முடியவில்லை, பலூனைப் பெரிதாக்கினால் முகம் மறைகிறது. ஏ5 அளவுக்குச் சுருக்கி ஜெராக்ஸ் எடுத்தால் மெல்லிய கோடுகளைக் காணோம், கறுப்பு திட்டுத்திட்டாக விழுகிறது. ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்குள் முடித்து விலைக்குக் கொடுக்கலாமா? இரண்டு பக்கங்களை இணைத்திருக்கிறேன்.

க., பெரம்பூர்

அன்புள்ள க.,

படம் சுமார் என்பது தன்னடக்கம். கோளாறு வரிசையில் இருக்கிறது. படத்தை முழுக்க வரைந்துவிட்டு, மிச்சமிருக்கும் மூலையில் வசனத்தைத் திணிக்கிறீர்கள். 1972இல் முத்து காமிக்ஸ் மாயாவியோடு தொடங்கியபோது மொழிபெயர்த்தவர்களுக்கு வேறு வழியில்லை. ஆங்கில வசனத்துக்கென்று ஏற்கெனவே வரைந்த பலூனுக்குள் தமிழை அடைத்தாக வேண்டும். உங்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஆனாலும் அந்தப் பலூன்களின் அளவையே பார்த்து வரைந்திருக்கிறீர்கள்!

நீங்கள் அனுப்பிய நான்காம் பக்கத்தின் மூன்றாவது கட்டத்தை எடுத்துக்கொள்வோம். “அந்தக் கயவர்கள் மின்சார ரயிலில் தப்பிச் சென்றுகொண்டிருக்கிறார்கள்! அவர்களை உடனடியாகத் தடுத்து நிறுத்தியாக வேண்டும்!” மொத்தம் 11 சொற்கள். அவற்றில் ‘சென்றுகொண்டிருக்கிறார்கள்’ மட்டுமே 13 எழுத்து. 14 புள்ளி (பாயிண்ட்) அளவில் எழுதினால் அந்த ஒரு சொல்லே உங்கள் கட்டத்தின் அகலத்தில் பாதிக்கு மேல் தின்றுவிடும். மின்சார ரயிலைத்தான் பின்னால் வரைந்திருக்கிறீர்களே, அதைச் சொல்லவும் வேண்டுமா? “கயவர்கள் ரயிலில் தப்புகிறார்கள்! விடக்கூடாது!” நான்கு சொல்லில் முடிந்தது. பழைய மாயாவி வாசனைக்குத் தேவையான ‘கயவர்கள்’ பத்திரமாக இருக்கிறது. பேச்சுத்தமிழுக்கு மாறினால் இன்னும் சுருங்கும், ஆனால் இந்தக் கதைக்கு அது ஒட்டாது.

இனி வரிசையை மாற்றுங்கள். பென்சிலில் கட்டம் போட்டதும் முதலில் வசனத்தை எழுதுங்கள். அதைச் சுற்றி ஓர் எழுத்து அகலத்துக்கு இடம் விட்டுப் பலூன் போடுங்கள். மிச்ச இடம்தான் படத்துக்கு. தமிழ்ப் பலூன் வட்டமாக இருப்பதைவிட அகலமாக, சற்றுத் தட்டையாக இருப்பது நல்லது, நம் சொற்கள் நீளமானவை. வரி இடைவெளியில் கஞ்சத்தனம் வேண்டாம். மேலே புள்ளியும் கொக்கியும், கீழே கு, மு, ழு இவற்றின் வாலும் இருப்பதால் 14 புள்ளி எழுத்துக்கு 18, 19 புள்ளி இடைவெளி தேவை. சொல்லை உடைத்தே தீர வேண்டுமென்றால் அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது. ‘காப்பாற் / றுங்கள்’ சரி, ‘காப்பா / ற்றுங்கள்’ தப்பு.

யார் முதலில் பேசுகிறாரோ அவரை இடப்பக்கம் நிறுத்துங்கள். உங்கள் ஆறாம் பக்கத்தில் அவர் வலப்பக்கம் நிற்பதால் இரண்டு பலூன்களின் வாலும் (பேசுபவரைக் காட்டும் கூர்முனை) குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. மாயாவிக்கென்றே ஒரு தனித் தலைவலியும் உண்டு. மின்சாரம் பாய்ந்து உடல் மறைந்தபின் இரும்புக்கை மட்டும்தான் தெரியும். நீங்கள் வாலைக் கையை நோக்கி இழுத்திருப்பதால் கை பேசுவதுபோல் இருக்கிறது. கைக்கு மேலே, வாய் இருக்க வேண்டிய உயரத்தில் வெற்றிடத்தை நோக்கி வாலை நிறுத்துங்கள். வாசகரே முகத்தைப் பொருத்திக்கொள்வார்.

கணினியில் எழுத்துப் பதிப்பதானால் பழைய ஃபோட்டோஷாப்பில் ‘கொ’வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிய்ந்துபோகும். புதிய பதிப்புகளில் எழுத்து அமைப்புக்குள் போய் ‘வேர்ல்ட்-ரெடி லேஅவுட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் இந்தத் தொல்லை இல்லை. கையெழுத்துச் சாயலுக்குக் கவிவனர், கத்தலுக்கு பலூ தம்பி எழுத்துரு. இரண்டும் இலவசம்தான்.

ஜெராக்ஸ் விவகாரத்துக்கு வருவோம். ஏ4, ஏ5 ஆகும்போது எல்லாமே 71 சதவீதமாகச் சுருங்கும். 14 புள்ளி எழுத்து ஏறக்குறைய 10 ஆகும், அது போதும். 0.1 மி.மீ. பேனாக் கோடு காணாமல் போவதும் இதனால்தான். 0.3க்குக் கீழே இறங்காதீர்கள், கட்டத்தின் ஓரத்துக்கு 0.8. பக்கங்களை 600 டிபிஐ நுணுக்கத்தில் ஸ்கேன் செய்து, சாம்பல் நிறமே இல்லாத சுத்தக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிட்டுப் பிரிண்ட் கொடுங்கள். ஜேபெக் வேண்டாம், கோட்டின் ஓரத்தில் பிசிறு சேர்க்கும். பெரிய கறுப்புப் பரப்பை ஜெராக்ஸ் இயந்திரம் சீராக நிரப்பாது. இரவு வானத்தை முழுக் கறுப்பாக்காமல் நெருக்கமான கோடுகளால் நிரப்பினால் திட்டு தெரியாது. மடிப்பு விழும் இடத்தில் கறுப்பே வேண்டாம், டோனர் (ஜெராக்ஸ் மைப்பொடி) உதிரும்.

16 பக்கத்துக்கு நான்கு ஏ4 தாள், இருபுறமும் அச்சு. ஒரு தாளின் ஒரே முகத்தில் அருகருகே வரும் இரண்டு பக்க எண்களைக் கூட்டினால் எப்போதும் 17 வரும். முதல் தாளில் 16-1, அதன் பின்னால் 2-15. அடுத்து 14-3, 4-13. பிறகு 12-5, 6-11. கடைசியில் 10-7, 8-9. தாளைக் குறுகிய ஓரத்தில் திருப்பும்படி கடைக்காரரிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் பாதிப் பக்கங்கள் தலைகீழாக வரும். இரண்டு பக்கத்துக்கும் பரவும் பெரிய படம் 8-9இல் மட்டும் பிசகாமல் சேரும், அது மட்டும்தான் ஒரே தாளில் இருக்கிறது. நேப்பியர் பாலச் சண்டையை அங்கே கொண்டுபோங்கள். திடுக்கிட வைக்கும் காட்சி இரட்டைப்படைப் பக்கத்தில் வரட்டும். தாளைப் புரட்டும்வரை அது கண்ணில் படாது. தாள் 100 ஜிஎஸ்எம் கனத்தில் எடுங்கள், 70 என்றால் பின்பக்கப் படம் தெரியும். காகிதக் கடைகள் நிறைந்த ஆண்டர்சன் தெருவில் ஒரு நடை போய்த் தொட்டுப் பார்த்து வாங்கலாம்.

சாதாரண ஸ்டேப்ளர் நடு மடிப்பை எட்டாது. அதை முழுக்க விரித்து, தாள்களுக்கு அடியில் தெர்மகோல் வைத்து வெளிப்பக்கத்திலிருந்து அழுத்துங்கள். பிறகு தாளைத் தூக்கி, உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளைக் கரண்டிக் காம்பால் மடக்கிவிடலாம்.

விலைக்கு விற்க வேண்டாம். மாயாவி இன்னொருவரின் சொத்து. உரிமை வைத்திருப்பவரின் எழுத்து அனுமதி இல்லாமல் சும்மா கொடுத்தாலும் சட்டம் அதை முழுக்க விட்டுவிடாது. ஆகவே மாயாவி இதழ் நண்பர்களுக்குள் நாலைந்து பிரதியோடு நிற்கட்டும். புத்தகக் காட்சியில் விலை போடும் எண்ணமிருந்தால், நாலாம் பக்கத்தில் ரயிலைத் துரத்தி ஓடுகிற அந்தச் சமோசா விற்கும் பெண்ணை நாயகியாக்குங்கள். அவள் முழுக்க உங்களுடையவள். இணைத்த இரண்டு பக்கங்களிலும் நன்றாக வந்திருக்கும் முகமும் அவளுடையதுதான்.