மானிடவியல் என்றால் எலும்பு தோண்டுகிற படிப்பா?

கேள்வி: உயர்தரத்தில் கலைப்பிரிவில் தோற்றிய என் மகள் மானிடவியல் படிக்க ஆசைப்படுகிறாள். 'எலும்பு தோண்டுகிற படிப்பா?' என்று சொந்தக்காரர் கேட்கிறார்கள். எங்கே படிக்கலாம்? இப்போதே எதைப் பழகலாம்?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: மானிடவியல் என்பது மனிதரைப் பற்றிய படிப்பு; எலும்பும் அதில் ஒரு பிரிவுதான். அமெரிக்காவில் உடல், தொல்பொருள், மொழி, பண்பாடு என்று நான்கையும் ஒரே துறைக்குள் வைத்திருப்பார்கள். இங்கே பிரித்தானிய வழி: சமூக மானிடவியல், அதுவும் பெரும்பாலும் சமூகவியலோடு ஒட்டியே வரும். ஆகவே பல்கலைக்கழக அனுமதிக் கையேட்டில் 'மானிடவியல்' என்று மட்டும் தேடினால் பல இடங்கள் தவறிப்போகும். கொழும்பிலும் பேராதனையிலும் சமூகவியல் துறையைப் பாருங்கள். ஸ்ரீ ஜயவர்தனபுரவிலும் விசாரியுங்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகம் வரை போன மானிடவியலாளர் ஸ்டான்லி தம்பையாவும் இங்கே சமூகவியல் படிப்பித்தவர்தான். எந்த மொழிமூலம் என்பதை விண்ணப்பிக்க முதலே கேட்டுவிடுங்கள்.

பொதுப் பட்டம் 3 வருடம், 90 திறமைப்புள்ளிகள் (கிரெடிட்). சிறப்புப் பட்டம் 4 வருடம், 120. மேற்படிப்பு எண்ணமிருந்தால் சிறப்புப் பட்டமே நல்லது. சொந்தமாகக் கள ஆய்வு செய்து ஆய்வேடு எழுதும் வாய்ப்பு அதில்தான்.

பலர் சறுக்குவது கோட்பாட்டில் அல்ல, களக்குறிப்பில், அதாவது நேரில் கண்டதையும் கேட்டதையும் எழுதிவைப்பதில். அதை இப்போதே பழகலாம். புறக்கோட்டையில் தெரிந்த புடவைக்கடை ஒன்றில் முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லி, சம்மதம் வாங்கிக்கொண்டு, ஒரு மணித்தியாலம் இருக்கட்டும். அங்கே ஓரிரு சொல் மட்டும் கிறுக்கி, அன்றிரவே விரித்து எழுத வேண்டும். இதற்கே இரண்டு மூன்று மணித்தியாலம் போகும். நாளைக்கு என்று விட்டால் யார் எதைச் சொன்னார் என்பது கலங்கிவிடும். 'கடைக்காரர் எரிச்சலாக இருந்தார்' என்பது முடிவு. 'விலை கேட்டவரின் முகத்தைப் பார்க்காமலே துணியை மடித்தார்' என்பதுதான் குறிப்பு. முடிவை வலப்பக்க ஓரத்தில் தனியாக எழுதலாம். ஒலிப்பதிவை நம்பிச் சோம்பல்பட வேண்டாம்: ஒரு மணித்தியாலப் பேச்சைத் தட்டெழுத நான்கு மணித்தியாலமாவது பிடிக்கும், தமிழும் சிங்களமும் கலந்திருந்தால் இன்னும் கூட.

பிறகு உறவுப்படம், அதாவது குடும்பத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்பதைக் குறிகளால் வரைவது. ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கலியாணத்துக்குச் சமன் குறி, இறந்தவர்மேல் ஒரு சாய்கோடு. பாட்டியிடமிருந்து தொடங்கி மூன்று தலைமுறை போதும். இதில் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு வசதி உண்டு: உறவைப் பிரித்துக் காட்டும் சொற்கள் நம் மொழியிலேயே இருக்கின்றன. கொழும்புப் பிள்ளைகள் கெடுத்துக்கொள்வதும் அதைத்தான். சொன்னவர் வாயில் வந்த சொல்லையே எழுதச் சொல்லுங்கள். சித்தப்பாவும் மாமாவும் 'அங்கிள்' ஆகிவிட்டால், யாருடைய பிள்ளை சகோதரம், யாருடைய பிள்ளை மச்சாள் என்ற முறையே படத்தில் தெரியாமல் போய்விடும்.